பாண்டிருப்பு ரீச்சர் வீட்டு வால்வு அம்ப்ளிபயர்கள்

வால்வு அம்ப்ளிபயர்களுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறதாம். சாய்ந்தமருதில் சவுண்ட் கடை நடத்தும் இருவர் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார்கள். அவர்களுடைய வாடிக்கையாளர் ஒருவர் பல்பு போல ஒளிரும் கண்ணாடி வால்வுகள் வைத்த பழைய அம்ப்ளிபயர் ஒன்றை வாங்கி வீட்டில் பாட்டுக் கேட்கிறாராம். அதன் வால்வுகளையும் டிரான்ஸ்போமரையும் மாற்றி இன்னும் உயர்த்துவதா, அப்படியே விட்டுவிடுவதா என்று அவருக்குக் குழப்பம். "நீங்க அந்தக் காலத்துல செஞ்ச ஆள்தானே காக்கா, என்னத்தப் பாத்து முடிவெடுக்கிறண்டு எழுதித் தாங்க" என்றார்கள். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் சொல்வோம்.

எழுதுகிறேன். ஆனால் அப்படியொரு வேலையை நான் முழுதாகச் செய்தது ஒரே ஒரு தடவைதான். என் கையால் அதைவிட நல்ல வேலை நடந்ததில்லை. அதைச் செய்திருக்கவும் கூடாது.

நான் தபால் மூலம் ரேடியோ வேலை படித்தவன். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டுதான் கல்முனையில் உதுமாலெவ்வை மாஸ்டரின் கடைக்கு வேலை கேட்டுப் போனேன். மாஸ்டர் சட்டத்தைத் திருப்பி அதன் பின்பக்கத்து ஆணியைப் பார்த்தார். "ஆணிய ஒழுங்கா அடிச்சிரிக்காய்" என்றார். எனக்கு வேலை கிடைத்தது. முதல் நான்கு வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கையைச் சுட்டுக்கொண்டேன், இரண்டு மூன்று தடவை மின்சாரம் தூக்கி எறிந்தது, பிறகு பழகிவிட்டது.

மாஸ்டர் இளமையில் திருகோணமலையில் வெள்ளைக்காரர்களின் கம்பியில்லாத் தந்திப் பகுதியில் வேலை பார்த்தவர். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சாரம், முழங்கை வரை மடித்த சேர்ட். குரலை உயர்த்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை. ஒரு செட் கடைக்கு வந்தால் அதை உடனே திறக்க விடமாட்டார். முதலில் மூக்கை வைத்து மணந்து பார்ப்பார். டிரான்ஸ்போமர் மீது புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். பிறகு சொந்தக்காரரிடம் மூன்று கேள்வி: எப்ப இருந்து இப்படி? என்ன போடேக்க இப்படி? வேற ஆரும் கேட்டவங்களா? அதன் பிறகுதான் திருகாணியில் கை வைப்பார். வால்வு அம்ப்ளிபயருக்குள் நானூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும். செட்டை நிறுத்திய பிறகும் கண்டென்சருக்குள் அது பதுங்கியிருக்கும். ஆகவே ஒரு கை வேலை செய்யும்போது மற்றக் கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். மறந்து கையை முன்னால் கொண்டுவந்தவனை மாஸ்டர் ஏச மாட்டார். அன்று முழுவதும் அவனைக் கதவோரத்தில் உட்கார்த்தி வைப்பார்.

அளந்த ஒவ்வொன்றையும் கடதாசியில் எழுதி, தலையில் திகதி போட்டு வைக்க வேண்டும். எழுதாததை அவர் நம்ப மாட்டார். எல்லாம் முடிந்து செட்டை மூடியதும் அரைமணி நேரம் பாட வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். "கபூர், வந்து கேளு." நான் கேட்டு, சரி என்று சொன்ன பிறகே சொந்தக்காரருக்கு ஆள் போகும். நான்கு வருடமாக அந்த வார்த்தை என்னுடையதாக இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் யாசீன் வந்து சேர்ந்தான். மருதமுனைக்காரன், தறி நெய்கிற குடும்பம், என்னைவிட மூன்று வயது இளையவன். சான்றிதழ் எதுவும் கிடையாது. மீற்றரின் முள் எங்கே நிற்கிறது என்று வாசிக்கவே அவனுக்கு ஆறு மாதம் பிடித்தது. ஆனால் காது வேறு மாதிரி. ஓடுகிற தறிகளுக்கு நடுவில் எந்தத் தறியில் நூல் அறப்போகிறது என்று கேட்டுச் சொல்லிப் பழகியவன். ஒருநாள் நான் சரி என்று சொன்ன ரேடியோவுக்கு முன்னால் வந்து நின்று, "காக்கா, உள்ளுக்கு எங்கயோ ஒரு கம்பி தொட்டும் தொடாம நிக்கிது" என்றான். திறந்து பார்த்தேன். ஈய ஒட்டு ஒன்று விட்டிருந்தது. மாஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த கிழமை ஒரு செட்டை மூடியதும், "யாசீன், வந்து கேளு" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. சம்பளம் குறையவில்லை, என் மேசை மாறவில்லை. ஆனால் அந்த இரண்டு வார்த்தைகள் இடம் மாறியது என்னை எரித்தது. அதன் பிறகு அவன் தேநீர் குடிக்கிற விதம்கூட எனக்குப் பிடிக்கவில்லை. என்னைக் காக்கா என்று அழைத்து, வெளியே போகும்போது என் செருப்பை நிழலில் எடுத்து வைத்துவிட்டுப் போவான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒரு ஜும்ஆவில் மௌலவி பொறாமையைப் பற்றிப் பயான் செய்தார். பக்கத்தில் யாசீன் இருந்தான். இவனுக்குத்தான் இது தேவை என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

எண்பதுகள் பிறந்து ஓரிரண்டு வருடத்தில் கமலாவதி ரீச்சர் கடைக்கு வந்தார். பாண்டிருப்பைச் சேர்ந்தவர், பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவர். காலமாகிவிட்ட கணவர் மலையகத்தில் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தவர். தோட்டத்துத் துரை நாட்டைவிட்டுப் போகும்போது தன் பாட்டுப் பெட்டியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இசைத்தட்டுப் பிளேயர், அலுமாரி உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர், அவற்றுக்கு வலம் ஒன்றும் இடம் ஒன்றுமாக இரண்டு வால்வு அம்ப்ளிபயர். எங்கள் பக்கத்தில் அப்படியொரு செட் வேறெங்கும் இருந்ததாக நான் அறியேன். அதில் வயலின் கேட்டுக் கேட்டுத்தான் ரீச்சர் தன் வித்தையைத் தீட்டிக்கொண்டார்.

"மாஸ்டர், சத்தம் விழுந்து போச்சு. வயலின் மேல போகேக்க ஒண்டும் தெளிவா வரல்ல. கெசற் கடைத் தம்பி இதக் கழிச்சிப்போட்டு ஜப்பான் டிரான்சிஸ்டர் செட் எடுக்கச் சொல்றார். எடுக்கிறதா, இதையே இன்னும் நல்லாக்கிறதா, நீங்கதான் சொல்லணும்."

மாஸ்டர் டிரான்சிஸ்டரை இகழ்கிறவர் அல்ல. "ரெண்டும் நல்ல சாமான்தான் ரீச்சர். எது ஏலாமப் போயிரிக்கு எண்டு முதல்ல பாப்பம்" என்றார். அன்று அவருக்குக் காய்ச்சல். ஆகவே எங்கள் இருவரையும் ரீச்சர் வீட்டுக்கு அனுப்பினார்.

நான் முறைப்படிதான் தொடங்கினேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இரண்டு அம்ப்ளிபயர்களையும் ஒரு மணி நேரம் அளந்தேன். வால்வுகள் கொஞ்சம் களைத்திருந்தன. ஆனால் பல வருடம் ஓடும். வோல்ட் எல்லாம் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. எதையும் மாற்றத் தேவையில்லாத செட் அது.

யாசீன் சுவரோரமாக நிலத்தில் உட்கார்ந்திருந்தான். ரீச்சர் ஓர் இசைத்தட்டைப் போட்டார். அவன் செட்டைப் பார்க்கவில்லை, ரீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்ததும், "ரீச்சர், கொஞ்சம் இஞ்சால வந்து இந்தக் கதிரையில இரிங்க" என்று அவரை இடம் மாற்றி உட்கார வைத்து அதையே மறுபடி போடச் சொன்னான். அங்கேயும் ரீச்சர் தன் வலது பக்கத்தைத்தான் ஸ்பீக்கருக்குத் திருப்பினார்.

திரும்பும் வழியில் சைக்கிளை என் பக்கத்தில் கொண்டுவந்தான். "காக்கா, செட்டுல பிழ ஒண்டும் இல்ல. மேல போற சத்தம் ஊசி மாதிரி வருது. ரீச்சர்ட காதுலதான் என்னமோ இரிக்கு. இடதுல கேக்கல்ல போல."

என் சட்டைப்பைக்குள் இருந்த கடதாசியும் அதைத்தான் சொன்னது. பிழையில்லாத செட்டில் ஒருவருக்குச் சத்தம் கேட்கவில்லையென்றால் பிழை வேறெங்கே இருக்கும்? அதை நானே கண்டுபிடித்திருந்தால் ஓடிப்போய் மாஸ்டரிடம் சொல்லியிருப்பேன். சொன்னவன் அவன்.

"நீ என்ன டாக்குத்தரா? வால்வு களைச்சிப் போய்க் கிடக்கு. நான் அளந்தது பொய்யா?" என்றேன். அவன் சைக்கிளைப் பின்னால் விட்டுக்கொண்டான்.

கடையில் நான் முந்திக்கொண்டேன். களைத்த வால்வுகளின் கணக்கை மாஸ்டருக்கு முன்னால் வைத்தேன். எழுதியதில் பொய் எதுவும் இல்லை. அது காரணமல்ல என்பதை மட்டும் சொல்லவில்லை. மாஸ்டர் மூன்றாவது கேள்வியைக் கேட்டார். "வேற ஆரும் கேட்டவங்களா?"

"நான் கேட்டன் மாஸ்டர். மந்தமாத்தான் இரிக்கு."

யாசீன் பக்கம் திரும்பினார். அவன் என்னை ஒருமுறை பார்த்தான். "எனக்கு நல்லாக் கேட்டிச்சி மாஸ்டர். ரீச்சருக்குத்தான்..." என்று இழுத்தான்.

"எழுதியிரிக்காயா?"

"இல்ல."

மாஸ்டர் என் கடதாசியை எடுத்து மடித்து வைத்தார். "அப்ப கபூர் செய்யட்டும்."

இரண்டு மாதம் அந்த வேலையோடுதான் கிடந்தேன். புதிய வால்வுகள் கொழும்பிலிருந்து வந்தன. வெளியீட்டு டிரான்ஸ்போமர் இரண்டையும் என் கையால் சுற்றினேன். ஒரு சுற்றுக்கு மேல் ஒரு சுற்று ஏறாமல், ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் மெழுகுக் கடதாசி வைத்து, எண்ணி எண்ணிச் சுற்றினேன். பழைய கண்டென்சர்களைக் கழற்றினேன். மேல் சுரங்கள் முன்பைவிட எடுப்பாக வரும்படி இரண்டு இடத்தில் மாற்றம் செய்தேன். கடையில் வைத்துப் பாட விட்டபோது வீதியில் போனவர்கள் நின்று கேட்டார்கள். மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்ல வேல" என்றார். அந்த நேரம் நான் யாசீனின் முகத்தைத்தான் பார்த்தேன். அவன் உண்மையாகவே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான். அது எனக்குப் பொறுக்கவில்லை.

அஸர் தொழுதுவிட்டு இருவரும் அம்ப்ளிபயர்களைக் கொண்டுபோய் ரீச்சரின் செட்டோடு சேர்த்துப் பூட்டினோம். ரீச்சர் தட்டைப் போட்டார். வில் நரம்பில் உரசுகிற சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. ரீச்சர் வலது பக்கத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்.

"இன்னும் கொஞ்சம் கூட்டுங்க தம்பி."

கூட்டினேன். பிறகும் கொஞ்சம். மேல் சுரக் குமிழ் முடிவுக்கே வந்துவிட்டது. யாசீன் கதவுக்கு வெளியே போய் நின்றான். அவனுக்குக் காது வலித்திருக்கும். எனக்கே வலித்தது. ரீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இப்ப நல்லா இருக்கு தம்பி. நல்லாச் செய்திருக்கிறீங்க" என்றார். அவருக்குக் கேட்கவில்லை என்று அந்தச் சிரிப்பிலேயே எனக்குத் தெரிந்தது. குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்கு ஒரு கிழமை கழித்து யாசீன் கடையில் இருந்த ஒலியூட்டும் கருவியை இரவல் எடுத்துக்கொண்டு தனியாகப் பாண்டிருப்புக்குப் போயிருக்கிறான். நாங்கள் செட்களைச் சோதிப்பதற்கு வைத்திருந்த கருவி அது. தடித்த சத்தத்திலிருந்து விசில் போன்ற மெல்லிய சத்தம்வரை வேண்டியதை எழுப்பும். செட்டை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று சொல்லி அதை அம்ப்ளிபயரில் பூட்டி, ரீச்சரை ஒரு காதை உள்ளங்கையால் பொத்தச் சொல்லி, சத்தத்தை மெதுவாகக் கூட்டி, கேட்டவுடன் விரலை உயர்த்தும்படி சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு சத்தத்துக்கும் குமிழ் நின்ற இலக்கத்தை எழுதினான். வலது காதுக்கு ஒரு வரிசை, இடது காதுக்கு ஒரு வரிசை, ஒப்பிட்டுப் பார்க்கத் தன் காதுக்கு ஒரு வரிசை. இடது வரிசையில் பாதிக்கு மேல் வெறும் கோடு. தலையில் திகதி.

மீற்றர் வாசிக்க ஆறு மாதம் எடுத்தவன், மனிதக் காதை அளக்க ஒரு வழி கண்டுபிடித்து எழுதிக் கொண்டுவந்திருந்தான். அதை மாஸ்டரிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தான்.

"காக்கா, நீங்க மாஸ்டர்ட்ட குடுங்க. செட்டச் செஞ்ச ஆள் நீங்க. நான் குடுத்தா உங்களுக்கு ஒரு மாதிரி. ரீச்சருக்கு நான் ஒண்டும் செல்லல்ல. மாஸ்டரே வாயால செல்லட்டும், அவக்கிட்ட அவரு பக்குவமாச் செல்லுவாரு. கெதியா, நாள் கடத்தாம, ஆசுபத்திரிக்குப் போனா நல்லம்."

அவன் எனக்கு மானம் காத்துத் தந்தான். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. கடதாசியை என் மேசை லாச்சிக்குள், ஈயக்கம்பிச் சுருளுக்குக் கீழே வைத்தேன். நாளைக்குக் கொடுப்போம் என்றுதான் வைத்தேன். அடுத்த நாள் மாஸ்டர் வேலையாக இருந்தார். அதற்கடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பிறகு கொடுக்காமல் இருப்பது பழக்கமாகிவிட்டது.

"மாஸ்டர் என்ன சென்னாரு காக்கா?" என்று ஒருநாள் கேட்டான்.

"பாத்துக்கிட்டு இரிக்காரு" என்றேன்.

ஐந்து கிழமைக்குப் பிறகு ரீச்சர் வகுப்பில் பாடிக்கொண்டு நின்றபோது தலைசுற்றி விழுந்தார் என்று செய்தி வந்தது. காதிலிருந்து நீர் வடிந்ததாம். மட்டக்களப்பு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். செய்தி கொண்டுவந்தவர் போனதும் லாச்சியைத் திறந்தேன். யாசீன் அன்று கடையில் இல்லை. கடதாசியை மாஸ்டரின் முன்னால் வைத்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அவர் ஒவ்வொரு வரிசையாக, விரலை வைத்து வாசித்தார். பிறகு விரல் மேலே போனது.

"இதுல திகதி போட்டிரிக்கு, கபூர்" என்றார்.

எழும்பிக் கடையைப் பூட்டினார். பட்டப்பகலில் அவர் கடையைப் பூட்டியதை அன்றுதான் பார்த்தேன். கடதாசியோடு மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறினார். அங்கிருந்த டாக்டர் அதைப் பார்த்துவிட்டு ரீச்சரைக் கொழும்புக்கு அனுப்பினார். காதுக்குப் பின்னால் எலும்பை அரித்திருந்த சீழை அங்கே வெட்டி எடுத்தார்கள். வலது காது தப்பியது, இடது போய்விட்டது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் அதையும் காப்பாற்றியிருக்கலாமோ என்று மாஸ்டர் கேட்டிருக்கிறார். இருக்கலாம், சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். அந்த 'இருக்கலாம்' இன்றைக்கும் என்னோடுதான் இருக்கிறது.

ரீச்சர் திரும்பி வந்ததும் பாண்டிருப்புக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்க வசதியாக அவருடைய வலது பக்கத்தில் உட்கார்ந்துதான் சொன்னேன்.

"எனக்கும் தெரியும் தம்பி" என்றார். "வகுப்பில பிள்ளையள் சுருதி விட்டுப் பாடினாக்கூட எனக்கு விளங்கல்ல. காது போன ரீச்சரை வெச்சி என்ன செய்வாங்க? பிழை செட்டிலதான் எண்டு ஆரும் சொல்லணும் எண்டுதான் உங்கட கடைக்கு வந்தன். நீங்க சொன்னீங்க. எனக்கு அது நிம்மதியா இருந்திச்சு." பிறகு சொன்னார், "ஆனா அந்தக் கடதாசிய நீங்க வெச்சிருந்திருக்கக் கூடாது."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எழும்பும்போது, "ஒரு காதுக்கு எதுக்கு ரெண்டு அம்ப்ளிபயர்? ஒண்டு போதும். மற்றதை மருதமுனைத் தம்பிக்குக் குடுக்கப்போறன்" என்றார். என் கையால் சுற்றிய டிரான்ஸ்போமர். நானே செய்த வேலை. குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்து தலைகுனிந்து நின்ற அந்த நிமிடத்திலும் அதே எரிவு கிளம்பியது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் எரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாசீன் அதை எடுக்க வந்தான். என்னையும் துணைக்குக் கூப்பிட்டிருந்தான். அம்ப்ளிபயரைச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினோம். டிரான்ஸ்போமரின் பாரம் ஒரு பக்கம் இழுத்தது. அவன் ஹாண்டிலைப் பிடித்துத் தள்ள, நான் பின்னால் பெட்டியை அணைத்துக்கொண்டு, பாண்டிருப்பிலிருந்து மருதமுனை வரை நடந்தோம். பாதி வழியில் சொன்னேன்.

"யாசீன், அந்தக் கடதாசிய நான் மாஸ்டர்ட்ட குடுக்கல்ல. லாச்சிலதான் கிடந்திச்சி."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "தெரியும் காக்கா. ஈயம் எடுக்கப் போன நேரம் கண்டன். நான் உங்கக்கிட்ட குடுத்த பத்தாம் நாள்."

"அப்ப ஏன் நீ மாஸ்டர்ட்ட செல்லல்ல?"

சைக்கிள் கொஞ்ச தூரம் போனது. "இண்டைக்குக் குடுப்பாரு, நாளைக்குக் குடுப்பாருண்டு பாத்துக்கிட்டு இருந்தன். நீங்களாக் குடுத்தா நல்லமெண்டு நினைச்சன். அதுக்குள்ள ரீச்சர் விழுந்திட்டா. அது என்ட பிழதான் காக்கா. உங்கட முகத்தப் பாத்து நான் அவட காத விட்டுட்டன்."

அவன் அழுதுகொண்டு நடந்தான். நான் பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. குற்றத்தைத் தன் தலையில் எடுத்துக்கொள்வதில்கூட இவன் என்னை முந்திவிட்டானே என்றுதான் நினைத்தேன்.